மலையேறிகளுக்கான அவசர இடங்காட்டிக் கருவிச் சட்டங்கள்

மலையேறிகள் அவசர இடங்காட்டிக் கருவியைக் கட்டாயம் உடன் எடுத்துச் செல்ல வேண்டும் என விதிக்கும் சட்டங்கள் உலகில் மிகச் சிலவே உள்ளன. விமானங்களிலும் கப்பல்களிலும் இத்தகைய கருவிகள் பல பத்தாண்டுகளாகக் கட்டாயமாக இருக்கின்றன. மலையேற்றத்தில் மட்டும் இது இன்றுவரை தீராத விவாதமாக உள்ளது. இவ்விவாதம் மிகக் கூர்மையாக நடந்த இடம் ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள ஹூட் மலை. 2007ஆம் ஆண்டு அம்மாநிலச் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட சட்டமுன்வடிவு கீழவையில் நிறைவேறி, மேலவையில் நிறைவேறாமல் முடங்கியது. அதை எதிர்த்தவர்களில் முன்னின்றோர் மலை மீட்புப் பணியாளர்கள் என்பதே இவ்வரலாற்றில் பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி.

ஹூட் மலை

ஹூட் மலை ஏறத்தாழ 11,240 அடி உயரமுள்ள எரிமலை. ஒரிகன் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமும் இதுவே. போர்ட்லண்டு நகரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்திற்குள் மலையின் தென் சரிவிலுள்ள டிம்பர்லைன் விடுதியை அடைந்துவிடலாம். விடுதியிலிருந்து நள்ளிரவில் புறப்பட்டு, காலையில் உச்சியைத் தொட்டு, மதியத்திற்குள் இறங்கி வருவது வழக்கமான பயணத் திட்டம். இந்த எளிமையே மலையின் ஆபத்தும் ஆகும். பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் புயல்கள் சில மணி நேரத்தில் மலையை மூடிவிடும். பனியும் மூடுபனியும் சேர்ந்து வானமும் தரையும் ஒரே வெண்மையாகத் தெரியும்போது, தென் சரிவில் நேர் கீழே இறங்குவதாக எண்ணுவோர் திசை மாறிப் பள்ளத்தாக்குகளுக்குள் சென்றுவிடுவது அங்கு பலமுறை நடந்துள்ளது.

1986ஆம் ஆண்டு விபத்து

1986 மே மாதம் ஒரிகன் எபிஸ்கோபல் பள்ளியின் மாணவர்களும் ஆசிரியர்களும் அடங்கிய குழு ஒன்று ஹூட் மலையில் ஏறியது. புயலில் சிக்கிய அக்குழுவினர் பனியைத் தோண்டிக் குகை அமைத்து அதற்குள் ஒடுங்கினர். மறுநாள் இருவர் நடந்தே கீழே வந்து செய்தி சொன்னார்கள். ஆனால் குகை எங்கே இருக்கிறது என்பதை அவர்களால் துல்லியமாகக் காட்ட முடியவில்லை. இடைவிடாமல் பெய்த பனி குகையின் வாயிலை மூடிவிட்டது. மீட்புக் குழுவினர் நீண்ட கோல்களைப் பனியில் குத்தித் தேடிக் குகையைக் கண்டுபிடிக்க மூன்று நாட்கள் ஆயின. அதிலிருந்தவர்களில் இருவர் மட்டுமே பிழைத்தனர். ஏழு மாணவர்களும் இரு பெரியவர்களும் இறந்தனர்.

உயிரோடு இருந்தவர்களின் மிக அருகில் தேடுபவர்கள் நடமாடியும் இடம் தெரியாததால் காலம் கடந்தது என்ற உண்மை அப்பகுதி மக்களை உலுக்கியது. இதன் விளைவாக உருவானதே எம்.எல்.யூ. எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட 'மவுண்டன் லொக்கேட்டர் யூனிட்'. காட்டு விலங்குகளின் கழுத்தில் பட்டையாகக் கட்டி அவற்றின் நடமாட்டத்தை அறியப் பயன்படும் வானொலிக் கருவியின் தொழில்நுட்பத்தைச் சார்ந்தது இது. ஹூட் மலையைத் தவிர வேறெங்கும் பயன்பாட்டில் இருந்ததில்லை. மலையேற்றப் பொருட்கள் விற்கும் கடைகளில் 5 டாலர் அளவில் வாடகைக்குக் கிடைத்தது.

எம்.எல்.யூ. இயங்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. கருவியை இயக்கியவுடன் அது சைகையை அனுப்பத் தொடங்கும். ஆனால் அச்சைகையை இரவும் பகலும் காத்திருந்து கேட்பவர் எவரும் இல்லை. போனவர் குறித்த நேரத்தில் திரும்பவில்லை என்று வீட்டிலிருப்பவர் அல்லது நண்பர் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகே மீட்புக் குழு திசையறி வாங்கியுடன் மலைக்குச் சென்று சைகை வரும் திக்கை நோக்கி நகரும். தேடும் பணியைச் சுருக்க உதவும் கருவியே தவிர, உதவி கேட்டு அழைக்கும் கருவி அல்ல. செயற்கைக்கோள் வழிக் கருவிகள் பரவலான பின் எம்.எல்.யூ. ஏற்பாடு கைவிடப்பட்டது.

2006–2007 குளிர்காலம்

2006 டிசம்பரில் அனுபவமுள்ள மூன்று மலையேறிகள் ஹூட் மலையின் வடமுகத்தில் ஏறினர். அவர்களில் ஒருவர் உச்சிக்குச் சற்றுக் கீழே பனிக்குகை ஒன்றிலிருந்து கைப்பேசியில் தன் குடும்பத்தாரிடம் பேசினார். மற்ற இருவரும் உதவி தேடி இறங்கிச் சென்றுவிட்டதாக அப்போது தெரியவந்தது. கடும் புயல் வீசியதால் மீட்புக் குழுவினரால் உயரமான பகுதிக்குப் பல நாட்கள் ஏறவே முடியவில்லை. ஒரு வாரம் கழித்துக் குகையில் அவரது உடல் மட்டும் கிடைத்தது. மற்ற இருவரும் கிடைக்கவேயில்லை. மூவரிடமும் எம்.எல்.யூ. இல்லை. நாடு முழுவதும் தொலைக்காட்சிகள் இத்தேடலை நாள்தோறும் ஒளிபரப்பின.

இரண்டு மாதங்கள் கழித்து, 2007 பிப்ரவரியில், எட்டுப் பேர் கொண்ட வேறொரு குழு புயலில் இறங்கி வரும்போது மூவரும் வெல்வெட் என்ற நாயும் சரிவில் வழுக்கி விழுந்தனர். அம்மூவரிடம் எம்.எல்.யூ. இருந்தது. இரவு முழுவதும் நாயின் உடற்சூட்டையும் சேர்த்துக்கொண்டு ஒண்டியிருந்த அவர்களை மீட்புக் குழுவினர் கருவியின் சைகையைப் பின்பற்றி மறுநாள் அடைந்தனர். மூவரும் உயிருடன் திரும்பினர், நாயும்தான்.

இவ்விரு நிகழ்வுகளையும் அடுத்தடுத்துக் கண்ட பொதுமக்களுக்கு முடிவு வெளிப்படையாகத் தெரிந்தது: கருவி இருந்தவர்கள் பிழைத்தார்கள், இல்லாதவர்கள் மாண்டார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஜான் லிம் முன்வைத்த சட்டமுன்வடிவு இந்த உணர்வின் மேல் எழுந்தது. நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் ஹூட் மலையில் 10,000 அடிக்கு மேல் ஏறுவோர் மின்னணு இடங்காட்டிக் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மீட்புப் பணியாளர்களின் எதிர்ப்பு

தன்னார்வலர்களைக் கொண்ட போர்ட்லண்டு மலை மீட்புக் குழு உள்ளிட்டோர் கருவியை எடுத்துச் செல்லுமாறு மலையேறிகளை ஊக்குவித்தனர். அதைச் சட்டமாக்குவதை மட்டும் எதிர்த்தனர். அவர்களுடைய வாதங்கள் பல வகைப்பட்டவை.

முதலாவது, கருவி இடத்தைத்தான் காட்டும், ஆளைக் கீழே கொண்டுவராது. 2006 டிசம்பர் தேடலில் கைப்பேசிச் சைகைகளிலிருந்து குகை இருக்கக்கூடிய பகுதி ஓரளவு தெரிந்தே இருந்தது. தடையாக நின்றது காற்றும் பனிச்சரிவு அபாயமும். 2002 மே 30 அன்று ஹூட் மலையில் நடந்த விபத்து இதற்கு மேலும் தெளிவான சான்று. அன்று நல்ல வானிலையில், பலர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒன்பது பேர் பனிவெடிப்பு ஒன்றுக்குள் விழுந்தனர்; மூவர் இறந்தனர். இடம் எது என்ற கேள்வியே எழவில்லை. மீட்க வந்த விமானப்படை ஹெலிகாப்டர் சரிவில் மோதி உருண்டது. அக்காட்சி நேரலையில் ஒளிபரப்பானது. அதில் இருந்த படைவீரர்கள் உயிர் தப்பியது நற்பேறு.

இரண்டாவது, பொய்யான துணிச்சல். விசையை அழுத்தினால் யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கை, திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாமல் இருக்கச் செய்யும் என்றனர். இதை எண்களால் நிறுவுவது கடினம். எனினும் அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் 2009ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்வை இவ்வாதத்தினர் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். அங்கு நடைப்பயணம் சென்ற நால்வர் குழு ஒன்று மூன்று நாட்களில் மூன்று முறை செயற்கைக்கோள் கருவியின் அவசர விசையை அழுத்தியது. ஒருமுறை இரவில் ஹெலிகாப்டர் சென்று பார்த்தபோது, கிடைத்த தண்ணீர் உப்புக் கரிப்பதாகவும் அதனால் உடலில் நீர் வற்றிவிடுமோ என அஞ்சியதாகவும் காரணம் சொல்லப்பட்டது. மூன்றாம் முறை அவர்களைக் கட்டாயமாக ஏற்றிக்கொண்டு வந்தனர்.

மூன்றாவது வாதம் மீட்புப் பணியின் அனுபவத்திலிருந்து வந்தது; கூடுதல் எடை அதற்கே உண்டு. கருவி இல்லாமல் ஏறுவது சட்டப்படி குற்றம் என்றாகிவிட்டால், கருவியின்றிச் சிக்கிக்கொண்டவர் தண்டனைக்கு அஞ்சி உதவி கேட்பதைத் தள்ளிப்போடுவார். மலையில் ஒரு மணி நேரத் தாமதம் என்பது வெளிச்சம் போய்விடுவதையோ புயல் வந்துவிடுவதையோ குறிக்கலாம். மீட்புச் செலவை மலையேறியிடம் வசூலிக்கும் திட்டங்களையும் அமெரிக்க மலை மீட்புச் சங்கத்தினர் இதே காரணத்தால்தான் எதிர்க்கின்றனர்.

இவற்றோடு, ஒரிகனில் நடக்கும் தேடுதல் பணிகளில் மலையேறிகளுக்காக நடப்பவை சிறு பகுதியே என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. காளான் பறிக்கக் காட்டுக்குள் போனோர், வேட்டைக்குச் சென்றோர், பனி மூடிய காட்டுச் சாலையில் வாகனத்துடன் சிக்கியோர் ஆகியோருக்கான தேடல்களே மிகுதி. 2006ஆம் ஆண்டின் அதே குளிர்காலத்தில் தென்மேற்கு ஒரிகனில் காருடன் பனியில் சிக்கிய ஒரு குடும்பத்தின் தந்தை, உதவி தேடி நடந்து சென்று இறந்தார். ஆபத்தின் அளவுதான் அடிப்படை என்றால் மலையேறியை மட்டும் பிரித்தெடுத்துச் சட்டம் இயற்றுவதற்கு வலுவான காரணம் இல்லை. தொலைக்காட்சி காட்டிய ஆபத்துக்கும் நாள்தோறும் நடக்கும் ஆபத்துக்கும் உள்ள இடைவெளி இங்கே தெரிகிறது.

ஆதரவாளர்களிடமும் எளிதில் தள்ள முடியாத ஒரு வாதம் இருந்தது. மீட்பவர்களும் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இடம் தெரியாமல் மலை முழுவதும் நாட்கணக்கில் தேடுவதைவிட, தெரிந்த இடத்துக்கு ஒருமுறை சென்று வருவது அவர்களுக்கும் பாதுகாப்பானது என்பதே அது. 2009 டிசம்பரில் ஹூட் மலையில் மேலும் மூவர் எம்.எல்.யூ. இன்றி ஏறினர். ஒருவரது உடல் மறுநாள் கிடைத்தது. மற்ற இருவரைத் தேடும் பணி பனிச்சரிவு அபாயத்தால் நிறுத்தப்பட்டு, கோடையில் பனி உருகிய பின், 2010 ஆகஸ்டில் அவர்களது உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. எட்டு மாதங்கள் காத்திருந்த குடும்பங்களுக்கு, கருவி உயிரைக் காத்திருக்குமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்க, இடமாவது தெரிந்திருக்குமே என்ற ஆதங்கம் பெரிது. சட்டம் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. ஆனால் கட்டாயச் சட்டம் வரவில்லை.

ஒரிகன் தேர்ந்த இடைவழி

கட்டாயச் சட்டம் இல்லாவிடினும் ஒரிகனில் வேறொரு ஏற்பாடு 1995 முதல் உள்ளது. மீட்கப்பட்டவர் உரிய கவனம் இன்றி நடந்துகொண்டார் எனத் தெரிந்தால், தேடுதல் செலவில் ஆளுக்கு 500 டாலர் வரை அவரிடம் வசூலிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. உரிய கவனத்துக்கான சான்றுகளாக அச்சட்டம் சிலவற்றைக் கூறுகிறது: வானிலைக்கும் நிலப்பரப்புக்கும் ஏற்ற அனுபவமும் உபகரணங்களும், இடங்காட்டிக் கருவி அல்லது கைப்பேசியைப் பயன்படுத்தியது அல்லது பயன்படுத்த முயன்றது, செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் பொறுப்பான ஒருவரிடம் சொல்லிச் சென்றது, வரைபடம் வைத்திருந்தது முதலியன. கருவி இங்கே கட்டளையாக இல்லாமல், பொறுப்புக்கான அளவுகோல்களில் ஒன்றாக மட்டும் நிற்கிறது. நியூ ஹாம்ப்சயர் மாநிலமும் கவனக்குறைவாக நடந்து சிக்கியவரிடம் செலவை வசூலிக்கிறது. அங்கு முன்கூட்டியே கட்டணம் செலுத்தி ஓர் அட்டை பெற்றவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

பி.எல்.பி. கருவி

இன்று அவசர இடங்காட்டி என்றால் பெரும்பாலும் பி.எல்.பி. எனப்படும் தனிநபர் கருவியையோ, இருவழிச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவியையோ குறிக்கும். பி.எல்.பி. 406 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் சைகை அனுப்புகிறது. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்சு ஆகிய நாடுகள் பனிப்போர்க் காலத்திலேயே கூட்டாக உருவாக்கிய கோஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள் அமைப்பு அதைப் பெற்றுத் தரைநிலையங்களுக்கு அனுப்பும். இவ்வமைப்பின் வழி முதல் மீட்பு 1982ஆம் ஆண்டு கனடாவில் நடந்தது. அமெரிக்காவில் பொதுமக்கள் பி.எல்.பி. பயன்படுத்த நாடு தழுவிய அனுமதி 2003 ஜூலையில்தான் கிடைத்தது. எனவே 2006ஆம் ஆண்டு விபத்தின்போது இது புதிய பொருளாகவே இருந்தது, விலையும் அதிகம்.

ஒவ்வொரு பி.எல்.பி.க்கும் தனி அடையாள எண் உண்டு. உரிமையாளர் தன் பெயரையும் தொடர்பு எண்களையும் அதனுடன் பதிவு செய்ய வேண்டும். சைகை வந்தவுடன் மீட்பு மையம் முதலில் அந்த எண்களுக்குத் தொலைபேசியில் அழைக்கும். அலமாரியில் இருந்த கருவி தவறுதலாக இயங்கிவிட்டதா, உரிமையாளர் உண்மையில் மலைக்குத்தான் சென்றிருக்கிறாரா என்பது இதில் தெரிந்துவிடும். பதிவு செய்யாத கருவி இந்த வசதியை இழக்கிறது. கட்டாயச் சட்டங்கள் கருவியைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பதிவைப் பற்றிப் பேசுவதில்லை. வாடகைக் கருவிகளில் இச்சிக்கல் கூடுதல்.

கருவிக்குத் திறந்த வானம் தேவை. குறுகிய பள்ளத்திலோ பனிக்குகையின் உள்ளேயோ இருந்து சைகை நன்றாகப் போகாது. வெளியே வைத்தாக வேண்டும். மின்கலம் குறைந்தது 24 மணி நேரம் தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. ஒரு வாரம் நீடிக்கும் புயலில் அக்கால அளவு போதாது. விசையை அழுத்தும் நிலையில் ஏறுபவர் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. தலையில் அடிபட்டு விழுந்தவரால் அது இயலாது.

இத்தாலி: கட்டாயம் உள்ள நாடு

கட்டாயச் சட்டம் உண்மையில் நடைமுறையில் உள்ள நாடு இத்தாலி. 2003ஆம் ஆண்டின் 363ஆம் எண் சட்டம், பனிச்சரிவு அபாயம் வெளிப்படையாக உள்ள இடங்களில் பனிச்சறுக்கு மலையேற்றம் செய்வோர் மின்னணுக் கருவி அணிய வேண்டும் என்றது. 2021ஆம் ஆண்டின் 40ஆம் எண் ஆணைச்சட்டம் இதை விரிவாக்கியது. 2022 சனவரி முதல், அபாயமுள்ள பகுதிகளில் சறுக்குத் தடத்துக்கு வெளியே செல்வோரும் பனிக்காலணியுடன் நடப்போரும்கூட பனிச்சரிவு இடங்காட்டி, மண்வாரி, துழாவுகோல் ஆகிய மூன்றையும் வைத்திருக்க வேண்டும். மீறினால் அபராதம்.

இத்தாலியச் சட்டம் சொல்லும் கருவி பி.எல்.பி. அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவது செய்திகளில் மிகச் சாதாரணம். பனிச்சரிவு இடங்காட்டி 457 கிலோ ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. சில பத்து மீட்டர் தொலைவுக்கே எட்டும். செயற்கைக்கோளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பனிக்குள் புதைந்தவரை அருகிலிருக்கும் தோழர்களே, தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிக் கண்டுபிடிப்பதற்காக உள்ளது. புதைந்தவர்களில் பெரும்பாலோர் முதல் 15 நிமிடங்களுக்குள் எடுக்கப்பட்டால் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதற்குள் எந்த ஹெலிகாப்டரும் வந்து சேராது.

இதனால்தான் இத்தாலியச் சட்டத்தின் அடிப்படை ஒரிகன் முன்வடிவின் அடிப்படையிலிருந்து வேறுபடுகிறது. பனிச்சரிவுக் கருவி அணியாதவர் தன்னைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்வதோடு, புதைந்த தோழரைத் தேட உதவவும் இயலாதவர் ஆகிறார். ஒருவருடைய அலட்சியத்தின் விலையை மற்றவர் கொடுக்க நேர்கிறது. அபராதம் விதிக்க அரசுக்கு இது வலுவான நியாயத்தைத் தருகிறது.

நேபாளமும் இந்தியாவும்

எவரெஸ்ட் ஏறுவோர் அனைவரும் இடமறியும் சில்லு ஒன்றை அணிவது கட்டாயம் என நேபாள அரசின் சுற்றுலாத் துறை 2024ஆம் ஆண்டு வசந்தகால ஏற்றத்துக்கு முன் அறிவித்தது. ஒன்றின் விலை 10 முதல் 15 டாலர் என்றும், மேலாடையில் தைக்கப்பட்டு, திரும்பிய பின் அடுத்தவருக்குப் பயன்படும் என்றும் கூறப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் நேபாளம் 478 பேருக்கு அனுமதி வழங்கியிருந்தது; அது அப்போதைய உச்ச எண்ணிக்கை. இறந்தோர் எண்ணிக்கையும் அவ்வாண்டு மிக அதிகம். 8,000 மீட்டருக்கு மேல் மயங்கி விழுந்தவரின் இடம் தெரிந்தாலும் அவரைச் சுமந்து இறக்குவது பெரும்பாலும் இயலாது. எனவே அவ்வுயரத்தில் இத்தகைய ஏற்பாட்டின் பயன் காணாமற்போனவரின் உடலைக் கண்டறிவதிலும், தேடிச் செல்லும் செர்ப்பாக்களின் அபாயத்தைக் குறைப்பதிலுமே கூடுதலாக உள்ளது.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். பாதுகாப்புக் காரணங்களால், தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது இங்கு குற்றம். மலையேறிகள் உலகெங்கும் பயன்படுத்தும் இருவழிச் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளும் இத்தடைக்குள் வருகின்றன. அவற்றைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் கைது செய்யப்பட்டதுண்டு. கோஸ்பாஸ்-சார்சாட் அமைப்பில் இந்தியாவும் பங்கேற்கிறது. அதன் இந்தியக் கட்டுப்பாட்டு மையம் பெங்களூருவில் இஸ்ரோவின் பொறுப்பில் இயங்குகிறது. ஆனால் கைப்பேசிச் சைகை எட்டாத இமயமலைப் பள்ளத்தாக்குகளில் நடப்போர் எதை எடுத்துச் செல்லலாம் என்பதை முன்கூட்டியே விசாரித்து அனுமதி பெற வேண்டியுள்ளது.

தற்போதைய நிலை

2022 இறுதியில் ஐபோன் 14 வகைக் கைப்பேசிகளில் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி வந்தது. தனிக் கருவி வாங்காதவர் கையிலும் இடங்காட்டி வந்துசேர்ந்ததால், கட்டாயமாக்குவதா வேண்டாமா என்ற பழைய கேள்வியின் வேகம் குறைந்துள்ளது. எனினும் கடுங்குளிரில் கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் மீட்புக் குழுவினர் அதை மட்டும் நம்ப வேண்டாம் என்கின்றனர். ஹூட் மலையில் 2024 சனவரி முதல் 9,500 அடிக்கு மேல் ஏறக் கட்டணத்துடன் கூடிய அனுமதிச் சீட்டு தேவைப்படுகிறது. மூன்று நாட்களுக்கு 25 டாலர், ஆண்டு முழுவதற்கும் 100 டாலர். இடங்காட்டிக் கருவி அதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக வைக்கப்படவில்லை.